எதிராளியை அறிதல்: நால்வகை ஆட்டமும் அவசரப் பெயரும்

போக்கர் சீட்டாட்டத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் ஆட்டமுறையை அடையாளம் காண்பது எப்படி என்பதே இன்றைய உரையின் பொருள். சீட்டாட்டத்தைப் பற்றி ஒரு பொதுமேடையில் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். நிறையவே இருக்கிறது. சதுரங்கத்தில் பலகை முழுவதும் இருவர் கண்ணுக்கும் தெரியும். போக்கரில் முக்கியமான சீட்டுகள் மறைந்திருக்கின்றன. அவற்றை எதிராளியின் நடத்தையிலிருந்துதான் ஊகித்தாக வேண்டும். முழுத் தகவலும் கையில் இல்லாமல், இன்னொரு மனிதரைக் கணித்து முடிவெடுக்கும் கலையை எண்களால் அளந்து பார்க்க இந்த ஆட்டம் இடம் தருகிறது. அப்படி அளந்து பார்த்தால் ஒரு முடிவுக்கு வந்து சேர்கிறோம். எதிராளியின் குணத்துக்குப் பெயர் வைப்பதால் அவரை அறிந்ததாக ஆகிவிடாது. எந்தச் சூழலில் அவர் எதைச் செய்கிறார் என்று கணிக்க வேண்டும். அந்தக் கணிப்பையும் சான்று எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் நம்ப வேண்டும். இதை நிறுவுவதும், இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றுக்கு விடை தேடுவதுமே என் நோக்கம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக விதிகளைச் சொல்லிவிடுகிறேன். இன்று உலகெங்கும் அதிகம் ஆடப்படும் வகை டெக்சஸ் ஹோல்டெம். 52 சீட்டுக் கட்டிலிருந்து ஒவ்வொருவருக்கும் 2 சீட்டு மறைவாகப் போடப்படும். பிறகு எல்லாருக்கும் பொதுவாக மேசை நடுவில் முதலில் 3, அடுத்து 1, கடைசியாக 1 என 5 சீட்டுகள் திறக்கப்படும். தொடக்கத்திலும், ஒவ்வொரு திறப்புக்குப் பிறகும் ஆக நான்கு முறை பந்தயம் நடக்கும். ஒவ்வொரு முறையும் ஆட்டக்காரருக்கு வழிகள் சிலவே: விலகலாம், மற்றவர் கட்டிய அளவுக்குச் சமமாகக் கட்டித் தொடரலாம், தொகையை உயர்த்தலாம். கைக்கு வரும் இரண்டு சீட்டுகளுக்கு 1,326 சேர்க்கைகள் உண்டு. ஜோடி வருவது சராசரியாக 17 ஆட்டத்துக்கு ஒரு முறை. இரண்டு ஏஸ் சேர்ந்து வருவது 221 ஆட்டத்துக்கு ஒரு முறை. நல்ல சீட்டு எல்லாருக்கும் அபூர்வமாகவே வருகிறது. ஆகவே சுமாரான சீட்டை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்கிறார் என்பதில்தான் ஆட்டக்காரர்கள் வேறுபடுகிறார்கள்.

அந்த வேறுபாட்டை அளக்கப் போக்கர் உலகம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. முதல் கேள்வி, எத்தனை ஆட்டத்தில் நுழைகிறார்? பொறுக்கியெடுத்த சீட்டோடு மட்டும் நுழைபவர் இறுக்கமானவர். கண்டதோடும் நுழைபவர் தாராளமானவர். இரண்டாவது கேள்வி, நுழைந்த பிறகு என்ன செய்கிறார்? தானே பந்தயம் கட்டி, உயர்த்தி, பிறரை நெருக்குபவர் அடித்து ஆடுபவர். மற்றவர் கட்டியதற்குச் சமமாகக் கட்டிக்கொண்டு பின்னால் வருபவர் அடங்கி ஆடுபவர். இரண்டையும் சேர்த்தால் நான்கு வகை. இறுக்கி அடங்கி ஆடுபவரைப் பாறை என்பார்கள். அவர் திடீரென்று தொகையை உயர்த்தினால் பெரும்பாலும் பலமான சீட்டு இருக்கிறது. இறுக்கி அடித்து ஆடுபவர் பாடநூல்கள் தொடக்கக்காரருக்குப் பரிந்துரைக்கும் வகை. தாராளமாக அடித்து ஆடுபவரிடம் எந்தச் சீட்டும் இருக்கலாம். அவரோடு ஆடுவதுதான் மிகக் கடினம். தாராளமாக அடங்கி ஆடுபவர் எதற்கும் விலகாமல் கட்டிக்கொண்டே வருவார். அவரிடம் பிளஃப் செய்வது, அதாவது பலவீனமான சீட்டோடு பலமிருப்பதாகக் காட்டிப் பந்தயம் கட்டுவது, வீண்; நல்ல சீட்டு கிடைத்தால் பெரிய தொகை கட்டிவிட வேண்டியதுதான். இந்த நால்வகைப் பகுப்பு எளியது, பயனுள்ளது. குறை அதன் மேல் இல்லை. அதை நாம் கையாளும் விதத்தில் இருக்கிறது.

வகை அறிவதால் என்ன பயன் என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். நடுவில் 100 சிப் (பந்தயத்துக்கு வைக்கும் வில்லை) சேர்ந்திருக்கிறது. கடைசிச் சீட்டும் திறந்தாகிவிட்டது. எதிராளி மேலும் 100 கட்டுகிறார். நம்மிடம் நடுத்தரமான சீட்டு. அவர் பிளஃப் செய்திருந்தால் ஜெயிப்போம், உண்மையாகவே பலமான சீட்டு வைத்திருந்தால் தோற்போம். நாம் 100 கட்டினால் கிடைக்கக்கூடியது 200. ஆகவே இப்படிப்பட்ட பந்தயங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அவர் பிளஃப் செய்பவரானால் கட்டுவது லாபம். அதற்குக் குறைவானால் விலகுவது லாபம். அவர் இருபதுக்கு ஒரு முறை மட்டும் பிளஃப் செய்யும் பாறை என்றால், கட்டும் ஒவ்வொரு முறையும் சராசரியாக 85 சிப் இழப்போம். இரண்டுக்கு ஒரு முறை பிளஃப் செய்பவர் என்றால் சராசரியாக 50 சிப் சம்பாதிப்போம். நம் சீட்டு அதே சீட்டு, நடுவில் இருப்பதும் அதே தொகை. எதிராளி யார் என்பது மட்டும் மாற, சரியான முடிவு தலைகீழாகிறது. 1987-இல் வெளிவந்த 'தி தியரி ஆஃப் போக்கர்' நூலில் டேவிட் ஸ்கிளான்ஸ்கி அடிப்படைத் தேற்றமாக முன்வைத்ததும் இதையொட்டியதே: எதிராளியின் சீட்டு தெரிந்திருந்தால் எப்படி ஆடியிருப்போமோ, அதிலிருந்து விலகும் ஒவ்வொரு முறையும் நாம் இழக்கிறோம். சீட்டைப் பார்க்க முடியாது. ஆட்டமுறையை அறிந்தால் சீட்டை ஓரளவு கணிக்க முடியும்.

இவ்வளவு பயன் இருப்பதாலேயே அவசரமும் வந்துவிடுகிறது. மேசையில் உட்கார்ந்து கொஞ்ச நேரத்திலேயே 'இவர் தாராளம், அவர் பாறை' என்று முடிவு கட்டிவிடுகிறோம். எவ்வளவு சான்றின் பேரில்? எட்டு எதிராளிகள் இருக்கிறார்கள், எட்டுப் பேரும் ஒரே மாதிரி ஆடுபவர்கள், ஒவ்வொருவரும் சராசரியாக 100-க்கு 20 ஆட்டத்தில் நுழைபவர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் 10 ஆட்டத்தில் அவர்களில் குறிப்பிட்ட ஒருவர் 4 அல்லது அதற்கு மேற்பட்ட முறை நுழைவதற்கான வாய்ப்பு 12 சதவீதம். ஒருவர் முடிவு மற்றவரைச் சாராது என்று கொண்டால், எட்டுப் பேரில் யாராவது ஒருவராவது அப்படி நுழைந்திருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 64 சதவீதம். வேறுபாடே இல்லாத எட்டுப் பேர் நடுவில், மூன்றில் இரண்டு முறை நம் கண்ணுக்கு ஒரு 'தாராளமானவர்' தென்பட்டுவிடுவார் என்று பொருள். அவருக்கு அந்த அரைமணி நேரத்தில் நல்ல சீட்டு வந்தது, அவ்வளவுதான். நூறு ஆட்டம் பார்த்த பிறகும், 25 சதவீதம் நுழைகிறார் என்ற கணக்கில் நான்கு சதவீதத்துக்கு மேல் திட்டப்பிழை இருக்கும். அதாவது உண்மை விகிதம் 17-ஆகவும் இருக்கலாம், 33-ஆகவும் இருக்கலாம். முதலாவது இறுக்கம், இரண்டாவது தாராளம். இணையத்தில் ஆடுபவர்களுக்கு எதிராளியின் சதவீதங்களைத் திரையிலேயே காட்டும் மென்பொருள்கள் உண்டு. சில டசன் ஆட்டங்களின் பேரில் அவை காட்டும் எண்ணையும் இதே எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

நுழையும் விகிதத்தை அறிவதே இவ்வளவு கடினம் என்றால், பிளஃப் விகிதத்தை அறிவது இன்னும் கடினம். நேர்த்தியாக ஆடுபவரும் பிளஃப் செய்தே ஆக வேண்டும். ஜான் வான் நாய்மன் 1928-இல் விளையாட்டுகளின் கணிதம் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். 1944-இல் ஆஸ்கர் மோர்கன்ஸ்டர்னோடு சேர்ந்து எழுதிய நூலில் போக்கரை விரிவாக ஆராய்ந்தார். எளிமைப்படுத்திய போக்கரில், மிகப் பலமான சீட்டோடும் மிகப் பலவீனமான சீட்டோடும் பந்தயத்தை உயர்த்துவதும், நடுத்தரமான சீட்டோடு அமைதியாக இருப்பதுமே சிறந்த வழி என்று அந்த ஆய்வு காட்டியது. நான் மேலே சொன்ன 100 சிப் கணக்கில், சமநிலையோடு, அதாவது எதிராளி எப்படி ஆடினாலும் தன்னிடம் ஓட்டை காண முடியாதபடி, ஆடுபவரின் பந்தயங்களில் மூன்றில் ஒன்று பிளஃப்பாகவே இருக்கும். அப்படிப்பட்டவரை ஐந்து முறை பார்க்கிறோம் என்று கொள்வோம். அதில் மூன்று அல்லது அதற்கு மேல் பிளஃப்பாக அமைவதற்கான வாய்ப்பு 21 சதவீதம், ஐந்துக்கு ஒன்று. அதைக் கண்டு அவருக்கு 'பிளஃப்காரர்' என்று பெயர் வைத்தால், குறையே இல்லாத ஆட்டத்தைக் குறையாக எண்ணிப் பணத்தைக் கொட்டுவோம். இன்னொரு சிக்கலும் உண்டு. சீட்டைத் திறந்து காட்டும் நிலைக்கு வந்த ஆட்டங்கள் மட்டுமே நமக்குத் தெரிகின்றன. வெற்றி பெற்ற பிளஃப் காட்டப்படுவதில்லை. எல்லாரும் விலகிவிட, அவர் சீட்டைக் கவிழ்த்துவிடுகிறார். யாராவது வலியப் போய்த் தன் பிளஃப்பைத் திறந்து காட்டினால், நாம் அதைப் பார்க்க வேண்டும் என்று அவர் விரும்புகிறார். கண்ணில் படுவது இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட சான்றாக இருக்கும்போது, அதை முழுமையின் மாதிரியாகக் கொள்ள முடியாது.

மூன்றாவது தடை மனித மனத்திலேயே இருக்கிறது. ஒருவர் செய்ததைப் பார்த்தவுடன் அதற்குக் காரணம் அவருடைய குணம் என்று எண்ணுகிறோம், அவர் இருந்த சூழலை மறந்துவிடுகிறோம். 1967-இல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்ற உளவியலாளர்கள் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளைச் சிலரிடம் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பது எழுதியவருக்கு இடப்பட்ட கட்டளை என்று சொன்ன பிறகும், படித்தவர்கள் அது எழுதியவரின் சொந்தக் கருத்து என்றே சாய்ந்தார்கள். லீ ராஸ் 1977-இல் இந்தப் பிழையை மனிதரைப் பற்றிய நம் காரணங்கற்பித்தலின் அடிப்படைப் பிழை என்றே அழைத்தார். போக்கர் மேசையில் சூழல் எவ்வளவு அழுத்தமானது என்று பாருங்கள். ஒன்பது பேர் மேசையில் முதலில் முடிவெடுப்பவருக்குப் பின்னால் எட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். அவர் இறுக்கியே ஆக வேண்டும். அதே ஆள் சீட்டுப் போடுபவரின் இடத்துக்கு வரும்போது, மற்றவர்கள் விலகிவிட்டிருந்தால் மிச்சம் இருவர்தான். அப்போது தாராளமாக நுழைவதுதான் புத்தி. கையிருப்பு, சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டியாக வேண்டிய கட்டாயப் பந்தயத்தின் பத்து மடங்குக்கு இறங்கிவிட்டவர் இருப்பதை எல்லாம் ஒரே மூச்சில் நடுவில் தள்ளுவது வெறித்தனம் போலத் தெரியும். பெரும்பாலும் அது சரியான கணக்கு. போட்டியில் பரிசு வரிசைக்கு ஒருவர் மட்டுமே வெளியேற வேண்டிய கட்டத்தில் பலரும் பாறையாகிவிடுவார்கள். இவற்றைக் கழிக்காமல் 'அடித்து ஆடுகிறார்', 'அடங்கி ஆடுகிறார்' என்று எண்ணினால், நாம் எண்ணுவது ஆளை அல்ல, அவர் உட்கார்ந்த நாற்காலியை.

இதிலிருந்து வெளியேற உளவியலே ஒரு வழியையும் காட்டியிருக்கிறது. வால்டர் மிஷெல் 1968-இல் வெளியிட்ட நூலில், ஒரு சூழலில் ஒருவர் நடந்துகொள்வதற்கும் வேறொரு சூழலில் அவரே நடந்துகொள்வதற்கும் உள்ள தொடர்பு மிகக் குறைவு, ஒட்டுறவுக் கெழு பொதுவாக 0.3-ஐத் தாண்டுவதில்லை என்று சுட்டிக்காட்டினார். மனிதருக்கு நிலையான குணமே இல்லையா என்ற பெரும் விவாதம் எழுந்தது. மிஷெலும் யூயிச்சி ஷோடாவும் 1990-களில் அதற்கு அளித்த விடை அருமையானது. கோடைகால முகாம் ஒன்றில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, 'சண்டைக்காரக் குழந்தை' என்ற பொதுப்பெயர் அதிகம் சொல்லவில்லை. ஒரு குழந்தை சக குழந்தை சீண்டினால் சீறியது. இன்னொன்று பெரியவர்கள் கண்டித்தால் சீறியது. 'இது நடந்தால் இப்படிச் செய்வான்' என்ற அமைப்பு ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தன்மையோடு நிலைத்திருந்தது. போக்கர் எதிராளியையும் இப்படித்தான் படிக்க வேண்டும். 'தாராளமானவர்' என்று எழுதி வைப்பதைவிட, 'கடைசி இடத்தில் இருந்தால் நுழைகிறார், முன்னிடத்தில் இருந்தால் விலகுகிறார்' என்று எழுதி வைப்பது மேல். இரண்டு சுற்று சமமாகக் கட்டி வந்துவிட்டு மூன்றாவதில் திடீரென்று உயர்த்தினால் எதைத் திறந்து காட்டுகிறார்? சிறு பந்தயத்துக்கு விலகாதவர் பெரும் பந்தயத்துக்கு விலகுகிறாரா? ஒரு பெரிய ஆட்டத்தைத் தோற்ற அடுத்த பத்து ஆட்டத்தில் எப்படி மாறுகிறார்? இப்படிப்பட்ட கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளின் தொகுப்பே ஆட்டமுறை. நால்வகைப் பெயர் அந்தத் தொகுப்பின் தலைப்பு மட்டுமே.

சான்று குறைவாக இருக்கும்போது எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வி எழும். அந்த மேசையில், அந்தத் தொகைக்கு, பொதுவாக எப்படிப்பட்டவர்கள் ஆடுகிறார்கள் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு கணக்கு. பாறை கடைசிச் சுற்றில் கட்டும் பெரிய பந்தயங்களில் 100-க்கு 5 பிளஃப். தாராளமாக அடித்து ஆடுபவர் கட்டுவதில் 100-க்கு 40 பிளஃப். முன்பின் தெரியாத ஒருவர் ஒரு பெரிய பந்தயம் கட்டி, அது பிளஃப் என்று வெளிப்பட்டுவிடுகிறது. இரு வகையினரும் சரிபாதியாக உள்ள இடம் என்றால், அவர் இரண்டாவது வகை என்பதற்கான வாய்ப்பு 89 சதவீதம். பத்தில் ஒன்பது பேர் பாறையாக உள்ள இடம் என்றால், அதே பிளஃப்பைப் பார்த்த பிறகும் அந்த வாய்ப்பு 47 சதவீதம்தான். அவர் பாறையாக இருப்பதற்கே சற்றுக் கூடுதல் வாய்ப்பு. ஒரே நிகழ்ச்சி, இடத்தைப் பொறுத்து வேறு பாடத்தைச் சொல்கிறது. நிகழ்ச்சியின் பரபரப்பு நினைவில் தங்கிவிடுவதால் நாம் இடத்தை மறக்கிறோம். அந்த மறதிதான் அவசரப் பெயரின் வேர்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு அனுபவசாலிகளுடையது. 'எண்ணிக்கை எதற்கு? முகத்தைப் பார்த்தாலே தெரியும்' என்பார்கள். மைக் கேரோ 1984-இல் எதிராளியின் உடல்மொழிக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். பலவீனமான சீட்டு வைத்திருப்பவர் பலசாலியைப் போலவும், பலமான சீட்டு வைத்திருப்பவர் பலவீனரைப் போலவும் நடிப்பார் என்பது அதன் மையக் கருத்துகளில் ஒன்று. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சோதனைகள் நம்மை அடக்கத்தோடு இருக்கச் சொல்கின்றன. பொய்யைக் கண்டுபிடிக்கும் மனிதத் திறனைப் பற்றிய ஆய்வுகளைச் சார்ல்ஸ் பாண்ட், பெல்லா டிபவுலோ இருவரும் 2006-இல் தொகுத்துப் பார்த்தபோது சராசரித் துல்லியம் 54 சதவீதம். காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். மைக்கேல் ஸ்லெபியனும் சகாக்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், போக்கர் உலகத் தொடரின் காணொளித் துண்டுகளைப் பார்வையாளர்களுக்குக் காட்டி, ஆட்டக்காரரின் சீட்டு எவ்வளவு பலமானது என்று மதிப்பிடச் சொன்னார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களால் குருட்டாம்போக்கை மிஞ்ச முடியவில்லை. சிப்பை நடுவில் நகர்த்தும் கையை மட்டும் பார்த்தவர்களால் மிஞ்ச முடிந்தது. ஆக உடலில் செய்தி இருக்கிறது. ஆனால் நாம் நம்பிக்கையோடு தேடும் இடத்தில் இல்லை. உள்ளுணர்வைத் தள்ள வேண்டியதில்லை. அது சொன்னதையும் ஒரு கணிப்பாக எழுதி வைத்து, திறக்கும் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். எத்தனை முறை பலித்தது என்று தானே தெரிந்துவிடும்.

இரண்டாவது மறுப்பு கணினி யுகத்தினுடையது, அதுவே வலுவானது. ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல், பந்தய அளவு வரையறுக்கப்பட்ட இருவர் ஹோல்டெம் ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட முழுமையான தீர்வு கண்டுவிட்டதாக அறிவித்தார்கள். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் டுவோமாஸ் சாண்ட்ஹோம், நோம் பிரவுன் இருவரும் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்ற நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாட்களில் 1,20,000 ஆட்டங்கள் ஆடி, 17 லட்சத்து 66 ஆயிரத்து 250 டாலர் மதிப்புள்ள சிப்புகளை வென்றது. எதிராளியின் பாணியை அது ஆராயவே இல்லை. தன் ஆட்டத்தில் எந்த இடத்தை அவர்கள் பகலில் துளைத்துப் பார்த்தார்களோ, அந்த ஓட்டையை இரவில் கணக்கிட்டு அடைத்துக்கொண்டது. 2019-இல் ஆறு பேர் மேசையில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்ற புளூரிபஸ் நிரலும் எதிராளிக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. அப்படியிருக்க எதிராளியை அறிவது எதற்கு, தன் ஆட்டத்தைச் செம்மை செய்தால் போதாதா என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. ஆகவே விடையையும் நிதானமாகச் சொல்ல வேண்டும். சமநிலை ஆட்டம் இருவர் ஆட்டத்தில் உறுதியளிப்பது நெடுங்காலத்தில் தோற்காமல் இருப்பதை. எதிராளியின் பிழையிலிருந்து கிடைக்கக்கூடிய முழு லாபத்தை அது உறுதியளிக்கவில்லை. இந்த வேறுபாட்டைக் கல்-காகிதம்-கத்தரி ஆட்டம் தெளிவாகக் காட்டும். மூன்றையும் சம வாய்ப்போடு கண்மூடித்தனமாகப் போடுபவரை யாராலும் வெல்ல முடியாது. அவராலும் யாரையும் வெல்ல முடியாது. 1999-இல் ஆல்பர்ட்டாவின் டார்ஸ் பில்லிங்ஸ் இந்த ஆட்டத்துக்கு நிரல்களின் போட்டி ஒன்றை நடத்தினார். வென்றது டேன் எக்னர் எழுதிய அயோகெய்ன் பவுடர். எதிர் நிரலின் கடந்தகால ஆட்டத்தில் ஒழுங்கைத் தேடுவதும், அந்த ஊகத்தை எதிராளி ஊகித்திருந்தால் என்ன செய்வது என்று அடுத்த படிக்குப் போவதும், எதுவும் பலிக்காவிட்டால் கண்மூடித்தனத்துக்குத் திரும்புவதும் அதன் முறை. எதிராளியை அறியும் முயற்சியும், அறிவு போதாதபோது சமநிலைக்குத் திரும்பும் அடக்கமும் அதில் சேர்ந்தே இருந்தன. போக்கரிலும் இந்தச் சேர்க்கையே வேண்டும். மனித ஆட்டக்காரர்களில் எவரும் சமநிலையை முழுமையாக ஆடுவதில்லை. ஒவ்வொருவரும் எங்கோ அதிகம் விலகுகிறார், எங்கோ அதிகம் கட்டுகிறார். அந்த விலகலைக் காண சமநிலை என்ற அளவுகோல் வேண்டும். லிப்ராட்டஸ் கற்பித்த பாடத்தை நான் இப்படிப் படிக்கிறேன்: நேர்த்தியான ஆட்டம் எது என்று தெரியாதவரால் எதிராளியின் பிழையையும் பிழை என்று காண முடியாது.

மூன்றாவது மறுப்பு, எதிராளியும் மனிதர்தான், அவரும் மாறுவார் என்பது. உண்மை. டாய்ல் பிரன்சன் 1976, 1977 ஆகிய இரு ஆண்டுகளும் அடுத்தடுத்து உலகத் தொடரின் தலையாய போட்டியை வென்றவர். சிறு சிறு தொகைகளையும் விடாமல் அடித்து ஆடிப் பிறரை விலக வைக்கும் தன் முறையைப் பின்னர் 'சூப்பர்/சிஸ்டம்' என்ற நூலில் வெளிப்படையாக எழுதினார். நூலைப் படித்தவர்கள் அவருடைய அடிக்கு எளிதில் விலகாதவர்களாக ஆனார்கள். இன்று பாறையாக அறியப்பட்டவர் அந்தப் பெயரையே முதலீடாக்கி நாளை பிளஃப் செய்யலாம். இன்னும் முக்கியமானது, எதிராளியின் பிழையைப் பயன்படுத்த நாம் சமநிலையிலிருந்து விலகும்போது நமக்கும் ஓட்டை விழுகிறது. பாறை என்று நம்பி ஒருவருடைய எல்லாப் பந்தயத்துக்கும் நாம் விலகிக்கொண்டிருக்க, அந்தப் பாறை பிளஃப் செய்யத் தொடங்கினால் நம் கதி என்ன? இதற்கு விடை, அறிதலைக் கைவிடுவதில் இல்லை. விலகலின் அளவைச் சான்றின் அளவோடு கட்டிப்போடுவதில் இருக்கிறது. பத்து ஆட்டம் பார்த்திருந்தால், இரண்டும் ஏறக்குறையச் சமமாகத் தோன்றும் முடிவுகளில் மட்டும் சற்றுச் சாய வேண்டும். சில நூறு பார்த்திருந்தால் கூடுதலாகச் சாயலாம். எதிர்பார்த்ததற்கு மாறாக இரண்டு மூன்று முறை நடந்தால் பழைய கணிப்பை உடனே குறைத்து எழுத வேண்டும். மாறும் எதிராளியிடம் ஆபத்துக்குள்ளாவது பெயரை ஒட்டிவிட்டு மறந்தவர்தான். கணிப்பைத் திருத்திக்கொண்டே இருப்பவர் பெரும்பாலும் சிறு இழப்போடு தப்பிவிடுவார்.

நான்காவது மறுப்பு அறம் சார்ந்தது. அதைக் கடந்து செல்ல எனக்கு மனமில்லை. இவ்வளவு நுட்பமாகப் பேசுவது சூதாட்டத்துக்குப் படித்தவரின் மரியாதையைத் தருவதாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி ஏட்டளவில் நின்றதல்ல. இணையவழி ரம்மி, போக்கர் இரண்டையும் அதிர்ஷ்ட விளையாட்டுகள் என்று பட்டியலிட்டு மாநில அரசு சட்டம் இயற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, அந்தப் பட்டியலை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்தது. திறமை இருக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. ஸ்டீவன் லெவிட், தாமஸ் மைல்ஸ் இருவரும் 2010 உலகத் தொடரை ஆராய்ந்தபோது, முன்கூட்டியே திறமைசாலிகள் என்று அடையாளம் காணப்பட்டவர்கள் முதலீட்டில் சராசரியாக 30 சதவீதம் ஈட்டினார்கள். மற்றவர்கள் சராசரியாக 15 சதவீதம் இழந்தார்கள். இதே எண்களின் மறுபக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் இழந்த பக்கம்தான் இருந்தார்கள். லிப்ராட்டஸின் மேம்பாட்டை நிறுவ 1,20,000 ஆட்டங்கள் வேண்டியிருந்தன. அதிர்ஷ்டத்தைக் குறைக்க ஒரே சீட்டுகளை இரு அறைகளில் பக்கம் மாற்றிப் போடவும் வேண்டியிருந்தது. ஓரிரவு ஆடும் ஒருவருக்குத் தன் திறமை வென்றதா, அதிர்ஷ்டம் வென்றதா என்று தெரிய வழியே இல்லை. எதிராளியைப் படிக்கக் கற்றுக்கொண்டேன், இனி பணம் கட்டலாம் என்று எண்ணுபவரிடம் இந்த உரை சொல்வது, நீங்கள் கற்றது போதுமா என்று அறியும் முன்பே பணம் தீர்ந்துவிடும் என்பதைத்தான். பணமின்றிச் சிப்பை வைத்து ஆடினாலும் இந்த அறிவு குறையாது.

அப்படியானால் இந்த அறிவின் மதிப்பு எங்கே இருக்கிறது? பிறரைப் பற்றி நாம் அன்றாடம் முடிவெடுக்கும் முறையைச் சோதித்துப் பார்க்கும் இடமாகப் போக்கர் இருக்கிறது. நேர்காணலில் ஒருவரை மதிப்பிடுபவரும், பேரம் பேசுபவரும், வகுப்பில் மாணவரைக் கணிப்பவரும் இதே பிழைகளைச் செய்கிறார்கள்: கொஞ்சம் பார்த்து அதிகம் நம்புவது, சூழலை மறந்து குணத்தைச் சொல்வது, கண்ணில் பட்டதை மட்டும் எண்ணுவது, பொது விகிதத்தை மறப்பது. அங்கெல்லாம் தவறு வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகலாம், வெளிப்படாமலேயும் போகலாம். போக்கர் மேசையில் பல முறை அடுத்த நிமிடமே சீட்டு திறந்துவிடுகிறது. ஆகவே ஆட்டத்தை விரும்பும் இளைஞர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நால்வகைப் பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள். அவை நல்ல தொடக்கம். பெயர் வைத்தவுடன் பக்கத்திலேயே மூன்று குறிப்புகளை எழுதுங்கள்: எத்தனை ஆட்டம் பார்த்து வைத்தேன், எந்தச் சூழலில் பார்த்தேன், எது நடந்தால் இந்தப் பெயரை மாற்றிக்கொள்வேன். மூன்றாவதற்கு விடை எழுத முடியவில்லை என்றால், அங்கே எதிராளியைப் பற்றிய அறிவு இன்னும் தொடங்கவில்லை. எழுத முடிந்தால், எதிரே இருப்பவரை நாம் உண்மையாகவே பார்க்கத் தொடங்கிவிட்டோம்.